பதினெட்டு டிகிரி

மைசூருவில் வெயில் கொளுத்தும் ஏப்ரல் முழுவதும் அதிகாரி ஹேமந்த் இரவு எட்டு மணிவரை தன் அறையைவிட்டு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வந்துவிடுவார். இப்படியொரு கடமை வீரருக்கு உதவியாளராக இருப்பதில் முனிராஜுக்குப் பெருமைதான். தாமதமாகப் போய் வீட்டில் வாங்கும் திட்டுதான் தாங்க முடியவில்லை.

அன்று பல்கலைக்கழகத்திலிருந்து பருவநிலை ஆய்வாளர் ரூபா வந்தார்.

“அரசு அலுவலகங்கள்ல ஏசியை இருபத்தாறு டிகிரிக்குக் கீழ வைக்கக் கூடாது சார். எங்க மூணு வருஷ ஆய்வோட முடிவு இது. ஆர்டர் நீங்கதான் போடணும்.”

“பார்க்கலாம் மேடம்” என்றார் ஹேமந்த், குரலே எழும்பாமல்.

“இன்னைக்கே போடலாம் சார். இந்த ரூம்லேர்ந்தே ஆரம்பிக்கலாம்.”

பெயர்ப்பலகை மாற்றும் கோப்பையே மாதக்கணக்கில் ஊறப்போடுகிறவர், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். முனிராஜ் வாயைப் பிளந்தான். மந்திரி சொன்னாலே மசியாத மனிதர்! ஆய்வென்றால் இதல்லவா ஆய்வு!

ரூபா தானே ரிமோட்டை எடுத்து, பதினெட்டை இருபத்தாறாக்கினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுங்க, ராத்திரிக்கு ராகி முத்தே பண்றேன். முனிராஜையும் நேரத்தோட அனுப்புங்க, பாவம்.”

முனிராஜுக்குத் தலை சுற்றியது. “சார்... மேடம் உங்க...?”

ஹேமந்த் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“வீட்டுல மூணு வருஷமா இருபத்தாறுதான்ப்பா. ஜில்லுன்னு உட்கார எனக்குன்னு இருந்தது இந்த ஒரு ரூம்தான். அதையும் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சுட்டா!”