பூதம் இருக்கிற கோட்டை

குழந்தைகளிடம் டாக்டர் எதையும் நேரடியாகக் கேட்பதில்லை. அட்டையில் கட்டம் போட்டு, "வா, புதுசா ஒரு விளையாட்டு கண்டுபிடிக்கலாம்" என்பாள். மற்றதெல்லாம் தானாக வரும்.

இந்தச் சிறுமி மட்டும் வாயே திறக்கவில்லை. முழங்கையில் சூட்டுத் தழும்பு. வாட்டசாட்டமான அப்பா நாற்காலியை ஒட்டியே நின்றார். டாக்டர் தழும்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார். டாக்டர் கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லு கண்ணு, இந்த அட்டைதான் கோட்டை, உள்ள யார் யார் இருக்கா?"

சிறுமி மூன்று காய்களை எடுத்து வைத்தாள். "இளவரசி, பூதம், காவல்காரன்."

"எப்படி ஜெயிக்கிறது?"

"ஆளுக்கொரு மாதிரி. இளவரசியைப் பிடிச்சா பூதம் ஜெயிச்சிடும். சத்தம் போடாம ஒளிஞ்சிருந்தா இளவரசி ஜெயிச்சிடுவா."

"காவல்காரன்?"

"பூதத்துக்குக் கோபம் போற வரைக்கும் அவளை விட்டு நகரவே கூடாது. நகர்ந்தா தோத்துடுவான்."

காவல் காப்பது அம்மாதான் என்று டாக்டர் முடிவு கட்டினாள். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

அம்மா சிரித்த முகத்தோடு வந்து, பெண்ணின் தோளில் கை வைத்தாள். "என்னடா பட்டு, ஆன்ட்டிகிட்ட என்ன சொன்னே?"

சிறுமி இளவரசியை மெல்ல அட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, டாக்டரின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காவல்காரனை ஏன் ஆன்ட்டி வெளிய அனுப்பிட்டீங்க?"