மிதியில் வைத்த கால்

பலகை மறுபடியும் நகர்ந்தது.

உளி அன்னத்தின் கழுத்தை விட்டு விலகி வெறும் மரத்தில் கோடு இழுத்தது. நல்லவேளை, எப்படியும் வெட்டி எறியவேண்டிய இடம்.

அவள் உளியை அடிக்கும் கொட்டாப்புளியை மேஜைமேல் போட்டாள். சாப்பாட்டு மேஜை. காலையிலிருந்து அதில் யாரும் சாப்பிடவில்லை. எங்கு பார்த்தாலும் வாகை மரச் சிராய்.

இத்தனை வருடமும் தரையில் உட்கார்ந்துதான் செதுக்கினாள். இரண்டு பாதங்களும் பலகையைக் கவ்விக்கொள்ளும். அடித்ததும் தளரும். பலகையைத் திருப்பியதும் மறுபடி கவ்வும். தம்மம்பட்டியில் மரம் செதுக்கும் எல்லோருக்கும் அப்படித்தான். கைக்கு உளி, காலுக்கு மரம்.

இப்போது முட்டி போய்விட்டது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உட்காரக் கூடாது என்றுதான் சொன்னார். செதுக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அந்த வித்தியாசம் அவள் கணவன் மாதேசனுக்குப் புரியவில்லை. அவளைக் கேட்காமலே, வேலை கொடுக்கும் பட்டறைக்குப் போன் பண்ணினான். இனி அவளால் முடியாது, பலகையை எடுத்துக்கொண்டு போய் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

மதியம் ஆட்டோ வரும்.

பலகையில் ஜோடி அன்னம். ஒன்று இறகு இறகாக முடிந்துவிட்டது. மற்றது இன்னும் பென்சில் கோடுதான்.

அதில் வேறொருவர் உளி படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தப் பலகை போனால் அடுத்த பலகை வராது என்பதும் தெரியும்.

சைக்கிள் டியூபால் மேஜையோடு சேர்த்துக் கட்டினாள். டியூப் இழுபட்டது. அடிக்க அடிக்கப் பலகை துள்ளியது.

பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து, அதன் நான்கு கால்களுக்கு நடுவே பலகையைச் செருகினாள். ஒரு கால் முறிந்தது.

மாதேசன் டி.வி. பார்க்கும் நாற்காலி.

அரிசி மூட்டையைத் தூக்கிப் பலகைமேல் வைக்கப் பார்த்தாள். முட்டி சம்மதிக்கவில்லை.

வாசலிலிருந்து மாதேசன் கேட்டுக்கொண்டே இருந்தான். என்ன சத்தம் அது, என்ன உடைந்தது, ஒரு நாள் சும்மா இருந்தால் என்ன குறைந்துவிடும்.

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அங்கே பழைய தையல் மெஷினின் ஸ்டாண்ட் நின்றது. மேலே மெஷின் இல்லை. சக்கரம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது. மெஷின் இருந்த இடத்தில் துணி ஊறவைத்த வாளி உட்கார்ந்திருந்தது.

வாளியை இறக்கினாள். பலகையை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உயரம் சரியாக இருந்தது.

பலகை நகர்ந்தது.

அவள் வாய்விட்டுத் திட்டினாள். பலகையையா, முட்டியையா, வாசலில் இருப்பவனையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்த பிறகும் கீழே கால்விரல்கள் மடங்கியே இருந்தன. ஒவ்வொரு அடிக்கும் எதையோ கவ்வின.

அங்கே மரம் இல்லை. மெஷினை ஓட்டும் இரும்பு மிதி இருந்தது.

துணி காயப்போடும் நைலான் கொடியை அறுத்தாள். பலகைக்குக் குறுக்கே போட்டு, மெஷின் இருந்த ஓட்டை வழியாக இரண்டு முனைகளையும் கீழே இறக்கி, மிதியில் கட்டினாள். மரத்தில் தழும்பு விழாமல் கயிற்றுக்கடியில் சாக்குத் துண்டு வைத்தாள்.

மிதித்தாள்.

கயிறு விறைத்தது. காலைத் தளர்த்தினாள், பலகை தளர்ந்தது. திருப்பி வைத்து மறுபடி மிதித்தாள்.

அடித்தாள்.

நகரவில்லை.

அன்னத்தின் கழுத்து மெல்ல மரத்தை விட்டு எழுந்து வந்தது.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

மாதேசன் கொல்லைக்கு வந்தான். அறுந்த கொடியைப் பார்த்தான். ஈரத் துணி வாளியைப் பார்த்தான். அவளைப் பார்க்காமல் குனிந்து, பலகையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

பலமாக இழுத்தான். ஸ்டாண்டின் ஒரு மூலை தரையை விட்டுத் தூக்கியது. பலகை கயிற்றுக்குள் அசையவே இல்லை. அவன் கீழே எட்டிப் பார்த்தான்.

"காலை எடு புள்ள."

அவள் எடுக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் வலிக்குதுன்னு அழுவுறது நீதான?"

"அழுவுறேன்தான். அதுக்கு?" அவள் உளியைக் கழுத்தின் வளைவில் வைத்தாள். "அந்த மூல தூக்குது பாருங்க. வெயிட்டு வேணும்."

ஹாரன் மறுபடி அடித்தது.

அவன் பலகையிலிருந்து கையை எடுத்தான். வாசலுக்குப் போனான்.

அங்கே அவன் என்ன பேசினான் என்பது அவள் காதில் விழவில்லை. அவள் அடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. கொட்டாப்புளி பாதி தூரத்தில் நின்றது.

மாதேசன் திரும்பி வந்தான். முகத்தில் கடுப்பு குறையவில்லை.

கையில் இரண்டு செங்கல்.