தாழாத கார்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த அந்தச் சிறிய கப்பல் பட்டறையின் வாசலில் சுவிசேஷமுத்து இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காவலிருந்தார். வெளியே போகும் எந்த வண்டியையும் அவர் முன்பக்கம் பார்த்ததில்லை. முன்பக்கம் சிரிக்கும், சலாம் போடும். பின்பக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் சித்தாந்தம். வாசல் மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டியின் பின்புறம் எத்தனை விரற்கடை தாழ்கிறது என்று பார்த்தே உள்ளிருக்கும் பாரத்தைச் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவரின் கண்ணெதிரே, 1988ஆம் ஆண்டு, கிடங்கிலிருந்து பித்தளை வால்வுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மாத முடிவுக்குள் திருடன் அகப்படாவிட்டால் காவல் வேலை வெளியாட்களுக்குப் போய்விடும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். சுவிசேஷமுத்துவின் மகள் உர்சுலாவுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அவருடைய சந்தேகம் கிடங்குப் பொறுப்பாளர் சுந்தரத்தின்மேல் விழுந்தது. சுந்தரம் புதிதாக வாங்கிய ஜப்பான் காரில் நான்கு தடித்த ஆட்கள் ஏறினாலும் பின்புறம் தாழ்வதில்லை. பாரம் சுமந்தும் முனகாத கழுதையைக் கதைகளில்கூட அவர் கேள்விப்பட்டதில்லை.

பட்டறையின் மின்பணியாளன் தங்கராஜுதான் மர்மத்தை விளக்கினான்.

"அதுல ஸ்பிரிங் இல்லண்ணே, காத்துப் பை. பாரம் ஏறிச்சுன்னா சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பம்பை ஓட்டி, காத்தடிச்சு மறுபடி தூக்கிரும்."

"அப்ப உள்ள என்ன இருந்தாலும் வெளிய தெரியாதுங்கிற?"

"நான் யாரையும் தப்பா சொல்லல லா. வண்டியைத்தான் சொன்னேன்."

இரண்டு நாள் கழித்து, மாலையில் வாசல் மேட்டில் ஏறிய அந்தக் கார் பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் அமுங்கிக்கிடந்தது. சுவிசேஷமுத்து சிலுவை போட்டுக்கொண்டு டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஆயுதபூஜைக்குத் திறந்தாற்போல் ஊழியர் அனைவரும் கூடிவிட்டார்கள். உள்ளே ஒரு குடையும் காலியான சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன.

"போதுமா, முத்து? இல்ல, சீட்டையும் கிழிச்சுப் பாக்கணுமா?" என்றார் சுந்தரம். மறுநாளிலிருந்து அவர் காரைப் புக்கிட் மேராவில் வீட்டடியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார்.

சாமான்களை வேறெங்கோ மறைத்துவிட்டார் என்றே சுவிசேஷமுத்து நம்பினார். நல்லவேளையாக, காரைப் பழுதுபார்க்கும் பொறுப்பைத் தங்கராஜு ஏற்றிருந்தான்.

"அவர் வீட்டுக்குத் தினமும் போறேன்லா, அண்ணே. அப்படியே ஒரு கண்ணும் வச்சுக்கிறேன்."

தினமும் மாலை அவன் பட்டறையின் பெரிய பேட்டரி ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுவான்.

"இது எதுக்குப்பா?"

"பம்ப் ஓடிட்டே இருந்தா அவர் கார் பேட்டரி செத்துரும். அதான் நம்மதைப் போட்டு டெஸ்ட் பண்றேன்."

சுவிசேஷமுத்துவும் ஒரு கை பிடித்து ஏற்றிவிடுவார். மோட்டார் சைக்கிளின் பின்புறம் அமுங்கும். பேட்டரி என்றால் அமுங்கத்தானே செய்யும்? காலையில் அதே பேட்டரி தவறாமல் திரும்பி வந்துவிடும். கம்பெனிப் பொருளில் இவ்வளவு நாணயமா என்று அவர் வியந்தார்.

நாளுக்கொரு செய்தியும் வந்தது. ஃபியூஸ் சரியாக இருக்கிறது. ரிலே சத்தம் போடுகிறது, ஆனால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை. வயர் எங்கோ அறுந்திருக்கலாம். மூன்று வாரத்தில் சுவிசேஷமுத்துவே அந்தக் காரைப் பிரித்து மாட்டிவிடுவார் போலிருந்தது.

மாதக் கடைசியில் கிடங்கைச் சோதித்தார்கள். முந்தைய மாதத்தைவிடப் பத்து மடங்கு பித்தளை போயிருந்தது. சுவிசேஷமுத்துவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. சுந்தரத்தின் கார்தான் வாசல் பக்கமே வரவில்லையே!

சுந்தரம் தாமாகவே வாசலுக்கு வந்தார். சுவிசேஷமுத்து எழுந்து நின்றார்.

"மன்னிச்சிருங்க சார். உங்க காராவது சரியாச்சா? தங்கராஜு நேத்தோட வேலையை விட்டுட்டான். தேக்காவுல சொந்தக் கடை போடுறானாம்."

"அது முதல் நாளே சரியாயிருச்சே, முத்து. சென்சார் வயரை யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க. பத்து நிமிஷத்துல மாட்டிட்டுப் போனான். அப்புறம் அவன் எங்க வீட்டுப் பக்கமே வரல. மனசு விட்டுப்போச்சு, அதான் நான் காரை எடுத்துட்டு வரல."

சுவிசேஷமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாவம், சும்மா பழி போடாதீங்க சார். வராமலா பேட்டரி அப்படித் தீர்ந்துபோகும்? சாயங்காலம் நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாத்தான் வண்டியில ஏறும். காலையில ரெண்டு விரல்ல தூக்கிட்டு வருவான். அம்புட்டு கரண்டும் உங்க காருக்குத்தானே போச்சு?"

கரண்ட் இருந்தாலும் தீர்ந்தாலும் பேட்டரியின் எடை ஒன்றுதான் என்பதை, எடை பார்த்தே இருபத்திரண்டு ஆண்டுகள் சோறு தின்ற அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று சுந்தரத்துக்குத் தெரியவில்லை.