பல் டொக்டருக்கு எந்த ஊர்?

யாழ்ப்பாணம் சுன்னாகத்து இரும்புக்கடை முதலாளி சீவரத்தினம், மன்னார் நானாட்டானில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது வயலில் இறங்கி உழுவதற்கல்ல. மகள் துஷ்யந்தியைப் பல் டொக்டராக்குவதற்கு.

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுப்பது மாவட்டக் கணக்கில். யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளி ஏணி வைத்தாலும் எட்டாது. மன்னாரில் அது குறைவு. துஷ்யந்தி எடுக்கிற புள்ளி அங்கே தாராளமாகப் போதும். ஆனபடியால் மூன்று வருடமாகத் துஷ்யந்தியின் பெயர் மன்னார்ப் பள்ளிக்கூடமொன்றில் படித்தது. துஷ்யந்தி யாழ்ப்பாணத்து டியூட்டறியில் படித்தாள். இரண்டுமே நன்றாகப் படித்தன.

பேராதனைப் பல் வைத்திய பீடத்துக்கு விண்ணப்பம் போன கையோடு, யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைப் பெட்டிசம் போட்டுவிட்டான். பெட்டிசம் போடாவிட்டால் நம்மவர்களுக்குத் தின்ற சோறு செமிக்காதே! கொழும்பிலிருந்து அதிகாரிகள் வீட்டுக்கே வந்து விசாரிக்கப் போகிறார்களாம் என்று செய்தி வந்தது. பிடிபட்டால் பல் பீடமும் இல்லை, வேறெந்தப் பீடமும் இல்லை.

சீவரத்தினமா அசருவார்? முற்றத்தில் இரவல் ட்ரக்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். விறாந்தையில் மூட்டைகளை அடுக்கினார். பக்கத்து வீட்டு றஞ்சிதத்துக்குப் பாடமும் எடுத்தார்.

"ஆரும் வந்து கேட்டால் என்ன சொல்லுவியள், அக்கா?"

"நான் பிறக்க முதலே நீங்கள் இஞ்சதான் இருக்கிறியள் எண்டு சொல்லுவன்."

"ஐயோ, உங்களுக்கு என்னிலும் வயது கூட!"

அந்தத் தலையிடி தீரமுன்னர், கலியாணத் தரகர் சரவணமுத்து தொலைபேசியில் அடுத்த தலையிடியைக் கொடுத்தார்.

"அண்ணை, லண்டன் மாப்பிள்ளை பகுதிக்குப் பல் டொக்டர் பொம்பிளை எண்டவுடன நல்ல புளுகம், சரியான சந்தோசம். ஆனால் பிள்ளை நானாட்டானில எண்டு கேள்விப்பட்டு ஒரு சமுசயம். அசல் யாழ்ப்பாணத்து ஆக்கள்தானோ எண்டு நேரில வந்து பாப்பினம். தாங்கள் ஆரெண்டும் சொல்லமாட்டினம். வேற ஊர் எண்டு தெரிஞ்சால் திரும்பியும் பாராயினம், கவனம்!"

ஆக, ஒரு விசாரணைக்கு மன்னார் ஆள்; மற்றதற்கு யாழ்ப்பாணத்து ஆள். வருகிறவரைப் பார்த்து ஊரை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

"இவ்வளவு காலமும் முகத்தைப் பாத்து விலை சொன்னவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையோ?" என்றார் மனைவி இராசேஸ்வரியிடம்.

அடுத்த கிழமை ஒரு காலையில் பெரியவர் ஒருவர் படலையைத் திறந்தார். வெள்ளைச் சேட்டு, தடித்த மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் தோல் பை. ட்ரக்டரையும் மூட்டைகளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கவேணும். நீங்கள் எந்த ஊர்?"

"இஞ்சதான், ஐயா! கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில வளந்த உடம்பு இது. அப்பு, பூட்டன் எல்லாரும் இந்த வயலிலதான் உழுதவை. யாழ்ப்பாணத்தை நான் படத்திலதான் பாத்திருக்கிறன்."

"சுன்னாகத்தில கடை இருக்கெண்டு சொல்லிச்சினம்?"

"அது வேற சீவரத்தினம், ஐயா. பெரிய கள்ளனாம்!"

பெரியவர் பெருமூச்சு விட்டார். இராசேஸ்வரி நீட்டிய தேத்தண்ணியை, "வேண்டாம் தங்கச்சி" என்று கையால் மறித்துவிட்டு எழுந்து போனார்.

"ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கேல்லையே!" என்று இராசேஸ்வரி பயந்தாள்.

"அரசாங்க உத்தியோகத்தன் விசாரிக்க வந்த வீட்டில கை நனைக்க மாட்டான். இந்தக் காலத்திலயும் இப்பிடி ஒரு நேர்மையான மனுசன்!" நேர்மையை நினைத்துச் சீவரத்தினத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பின்னேரம் ஒரு வான் வந்து நின்றது. பட்டுச் சேலையும் தடித்த சங்கிலியுமாக ஓர் அம்மா, பின்னால் ஓர் இளந்தாரி. அம்மாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு.

"துஷ்யந்தியின்ர விசயமா வந்தனாங்கள். நாங்கள்..."

"ஒண்டும் சொல்லவேண்டாம் அம்மா, எல்லாம் விளங்குது! வாங்கோ, கதிரையில இருங்கோ!"

வடை வந்தது, கேசரி வந்தது. அம்மா இரண்டையும் ரசித்துச் சாப்பிட்டார்.

"நீங்கள் இந்த ஊர்தானே?"

சீவரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த ஊரோ? நல்ல கதை! ஏழு தலைமுறையா நாங்கள் சுன்னாகம். இந்த ட்ரக்டர் இரவல், மூட்டைக்குள்ள உமி. எல்லாம் கம்பஸில இடம் எடுக்கிறதுக்கு ஆடின கூத்து, அம்மா!"

"அப்ப பிள்ளை இஞ்ச படிக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி, சோதினைக்கு மட்டும்தான் வந்தனான்" என்றாள் துஷ்யந்தி, தலை குனிந்து, வெட்கம் பூசிய குரலில். இளந்தாரி அவளைக் கைத்தொலைபேசியில் ஒரு படமெடுத்துக்கொண்டான்.

"நல்ல மூளைசாலிக் குடும்பம்" என்று அம்மா எழுந்தார். "கெதியில முடிவு சொல்லுறம்."

ஒரே நாளில் இரண்டு கண்டமும் தாண்டியாயிற்று! சீவரத்தினம் பேராதனையில் மகளுக்கு அறை பார்க்கிற கதையைத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சரவணமுத்து தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்.

"என்ன வேலை பாத்தனீங்கள், அண்ணை? மன்னார் ஆக்கள் எண்டு உங்கட வாயாலயே சொன்னீங்களாமே! அவை சம்பந்தம் வேண்டாமெண்டிட்டினம்."

"விசர்க் கதை கதையாதையும்! வான் பிடிச்சு வந்த அம்மாவிட்ட ஏழு தலைமுறைக் கதையும் சொன்னனே!"



"எந்த அம்மா, அண்ணை? அவை மாப்பிள்ளையின்ர பெரியப்பா ஒருத்தரைத்தானே அனுப்பினவை!"