இடது கைக்கான ரீல்

கிள்ளான் நகரத்துத் தூண்டில் கடைக்கு வெளியே மழை ஓய்கிறது. கடைக்காரர் நாகையா தூண்டில் நூல் சுற்றும் மலிவான ஃபிளை ரீல் ஒன்றை என் கையில் வைக்கிறார். சுற்றிப் பார்க்கிறேன். ஆட்டமில்லை, தடைத் திருகை இறுக்கினால் நூலை இழுப்பது சீராகக் கடினமாகிறது, கைப்பிடி மட்டும் பிளாஸ்டிக். “இது போதும் லா பாஸ். விலை கூடுனா மீன் ரெண்டு வாட்டி கடிக்குமா? எந்தக் கையால வீசுவீங்க?” “இடது கை” என்கிறேன். அவர் ரீலைத் திறந்து, இடது கைக்கு ஏற்றபடி உள்வளையத்தைத் திருப்பிப் போட்டு மூடுகிறார். இடது கையால் வீசுபவள் என் மனைவி மாதவி. அடுத்த ரீல் அவளுக்கு என்று பேசியிருந்தோம். போன மார்ச்சில் இறந்துவிட்டாள். நாகையா ரீலை ஒரு தூண்டில்கோலில் மாட்டி நீட்டுகிறார். என் வலது கை தானாக வீசிப் பார்க்கிறது. “என்ன பாஸ், வலது கையா? மறுபடி மாத்தவா?” ஈரக் கண்ணாடிக் கதவில் வெயில் ஏறுகிறது. “வேணாம்ண்ணே. இப்படியே இருக்கட்டும்.”