கரை சேர்ந்த புள்ளி

கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்த பாஞ்சாலையின் வேகத்துக்குக் கணவர் தசரதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மகன் இனியன் வேலை செய்யும் சரக்குக் கப்பல், இரண்டு நாட்டுப் போர்க்கப்பல்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் கடலில் மாட்டியிருந்தது. கப்பல் கரை சேர்ந்தால் மலை சுற்றுவதாக அவள் வேண்டியிருந்தாள். இன்று காலை, கப்பல் இருக்குமிடத்தைக் காட்டும் செல்போன் வரைபடத்தில், நீலத்தில் கிடந்த புள்ளி நிலத்துக்கு வந்துவிட்டது.

"புள்ள கரை சேர்ந்துட்டான். உங்க மூஞ்சில ஒரு சிரிப்புகூட இல்லியே?"

"கால் வலிக்குது. ஒரு சுத்தே ஜாஸ்தி எனக்கு."

ராஜகோபுரத்துக்கு எதிரே வந்ததும் அவள் கற்பூரம் ஏற்றப் போனாள். அப்போது அவருடைய போன் அடித்தது. கப்பல் கம்பெனிக்காரர்.

"காலையில கேட்டீங்களே சார், விசாரிச்சோம். கப்பல் எதுவும் கரைக்கு வரல. நேவிக்காரங்க சிக்னலைக் குழப்பி வச்சிருக்காங்க. அங்க இருக்கற எல்லாக் கப்பலும் ஏர்போர்ட் நடுவுல நிக்கற மாதிரி காட்டுது. நிஜமா எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியல."

திரும்பி வந்த பாஞ்சாலை அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். "வேண்டுதல் முடிஞ்சுதுங்க. வீட்டுக்குப் போலாமா?"

"இன்னொரு சுத்து போலாம் வா," என்றார் தசரதன்.