ஏற்றத்தில் இரண்டு டிகிரி

வேன் மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியபோது என் மடியில் லேப்டாப் சுட்டது.

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் ஸ்டியரிங்கில் எத்திராஜ் அண்ணன், எங்கள் ஷெட் முதலாளி. இடப்பக்கம் ஜன்னலோரம் கங்கையம்மாள், வேனுக்குச் சொந்தக்காரி. பின்னால் அவளுடைய மீன் பெட்டிகள், ஐஸோடு.

வெறும் வேனை ஓட்டிக் காட்டி ஏமாற்றாதே என்று பெட்டிகளை ஏற்றச் சொன்னதே அவள்தான்.

கிளம்பும்போது என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். "யப்பா குணா, கோவளத்துலேர்ந்து வர வழில வேனு நின்னுச்சுன்னு வெச்சுக்கோ, நாறப்போறது மீனு மட்டும் இல்ல. உன் பேரும்தான்."

எத்திராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னிக்கி பாலம் ஏறலன்னா காட்டாங்குளத்தூர் இன்ஜினியர கூப்ட்டுக்கறேன். நீ வூட்ல குந்திக்கோ. பேஜாரு தாங்கல" என்றார். அவர் மீசைக்குள்ளிருந்து வார்த்தையைப் பிடிப்பதே ஒரு வேலை.

வேனின் பழைய கார்ப்ரேட்டர் இன்ஜின் செத்துப்போய், உடைப்புக்கு வந்த ஒரு காரின் இன்ஜெக்ஷன் இன்ஜினை அதில் வைத்திருந்தோம்.

வைப்பது நட்டும் போல்ட்டும். முப்பது வருடமாகச் செய்கிற வேலை. அதன் மூளைதான் வேறு. டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிப். எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது பொறி விடுவது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

எழுதியிருந்தது இலேசான காருக்கு. மீன் சுமக்கிற வேனுக்கு நான் அதை மாற்றி எழுத வேண்டும்.

நான் எழுத்தே நாற்பத்தேழு வயதில்தான் படித்தேன். என் பெண்சாதி பேபி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அ, ஆ போட்டுத் தந்தாள். மீதியை தாம்பரம் பஸ் போர்டுகளில் கூட்டிக் கூட்டிப் பழகினேன்.

இந்த வயதில் எதற்கு என்று ஷெட்டில் கேட்டார்கள். லேப்டாப் வேலை வந்துவிட்டதே என்றேன்.

அது பாதி உண்மை.

அப்புறம் போனை எடுப்பதையும் விட்டுவிட்டேன். எதுவானாலும் எழுதி அனுப்பு என்பேன். "ரெண்டு எழுத்து வந்ததும் ஆபீசர் ஆயிட்டாம்பா" என்று ஓட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஏழு மாதம் வீடியோ பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி எண்களை நோட்டில் எடுத்தேன். இரண்டு சிப் வீணாய்ப் போனது. உடம்பு அசதி படுத்தால் தீரும். இது கண்ணுக்குள் இறங்கிவிட்ட அசதி. காலையிலிருந்து ராத்திரி வரை எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற அசதி.

ஏற்றம் கூடியது. அண்ணன் இரண்டாவது கியருக்கு மாறினார்.

நேற்று இதே இடத்தில்தான் வேன் மூச்சடைத்து நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் கையை ஆட்டி ஆட்டித் திட்டினார். அதனால் இன்று காலை டைமிங்கை ஏற்றியிருந்தேன். பொறியை முன்னாலேயே விட்டால் இழுவை வரும்.

வேன் ஏறியது.

திரையைப் பார்த்தேன். பெட்ரோல் சரி. சூடு சரி. எல்லாம் பச்சை.

ஏழு மாதத்தில் முதல் முறையாக என் தோள் இறங்கியது.

கங்கையம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஏதோ சொன்னாள். தலையாட்டினேன்.

அண்ணனின் தாடை அசைந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

தாடை மறுபடி அசைந்தது.

"ஆமாண்ணா, நல்லா இழுக்குது" என்றேன்.

அவர் பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பெட்டி எதுவும் சரிந்துவிட்டதா என்று பார்க்க கங்கையம்மாள் இறங்கிப் பின்னால் போனாள்.

டாஷ்போர்டில் படிந்திருந்த புழுதியில் அண்ணன் விரலால் எழுதினார். கூட்டிப் படித்தேன்.

தட்டுது. ஏற்றம் பூரா தட்டுச்சு.

டைமிங்கை அளவுக்கு மேல் ஏற்றினால் இன்ஜினுக்குள் விழுகிற தட்டு. கொலுசு மாதிரி கிணுகிணுவென்று வரும். வண்டிக்குள் இருக்கிற யாருக்கும் தெரியும். அப்படியே ஓட்டினால் பத்து நாளில் பிஸ்டன் ஓட்டை. அதைப் பிடிக்கிற சென்சார் இந்த இன்ஜினில் இல்லை. என் திரையில் அதற்கு எண்ணும் இல்லை.

டைமிங்கை இரண்டு டிகிரி குறைத்து சிப்பில் ஏற்றினேன். தலையை நிமிர்த்தவில்லை.

அவர் விரல் மறுபடி புழுதிக்குப் போனது.

காது எவ்ளோ நாளா கேக்கல?

வாயைத் திறந்தால் குரல் எவ்வளவு உயரத்தில் வரும் என்று தெரியவில்லை. அவர் எழுத்துக்குக் கீழேயே எழுதினேன்.

மூணு வருசம்.

சீட் அதிர்ந்தது. கங்கையம்மாள் ஏறிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் உள்ளங்கையால் டாஷ்போர்டை ஒரே இழுப்பில் துடைத்தார். என்னைத் தாண்டி அவள் பக்கம் குனிந்தார். மெதுவாக, வாயை அகலத் திறந்து, நானும் பார்க்கும்படி சொன்னார்.

"இன்னொரு தபா ஏறிப் பாத்துரலாம்க்கா. உள்ள இன்னாவோ தட்டுதுன்றான் குணா."